மோட்டாருக்குள் ஒரு முடிச்சு

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு லேத்து, அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம், ஏழு மாதம் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தார்ப்பாயை விலக்கி, பெட் என்னும் அதன் நீளமான இரும்புப் படுகையின் மேல் எண்ணெய் தடவி, மறுபடியும் மூடி வைப்பேன். அதன் மோட்டார் கேட்ட மும்முனை மின்சாரம் எங்கள் வீட்டு இணைப்பில் இல்லை. அந்த ஏழு மாதமும் வீட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன யோசனை ஒன்றுதான். என் பெரியப்பா அதைச் சுருக்கமாகச் சொன்னார்: "கெணத்து சர்வீஸு அறுபதடியில கெடக்குது. ஒரு ஒயர இழுத்துக்கிட்டா வேலை முடிஞ்சுது. இதுக்குப் போயி ஏன்டா இத்தன யோசிக்கிற?" அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த வாக்கியம் எனக்குள் அடங்கவில்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்பதைத் தேடிய கதையும், லேத்து கடைசியில் எப்படி ஓடியது என்ற கதையும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கே திரும்பி வந்தவன். நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் என் கைக்குப் பழகியவை. மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயருக்கு ஒரு புஷ் கடைய வேண்டுமென்றாலும் கிருஷ்ணகிரி வரை போய்ப் பட்டறையில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு சிறு லேத்து இருந்தால் போதும் என்ற ஆசை அங்கேதான் முளைத்தது.

பெட்டைப் பார்த்தேன், பெட்டியைப் பார்க்கவில்லை

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழைய மெஷின் தேட மூன்று திசைகள் உண்டு: ஓசூர், அதைத் தாண்டிப் பெங்களூரின் பீன்யா, இந்தப் பக்கம் கோயம்புத்தூர். 1953இல் பெங்களூரில் ஹெச்.எம்.டி. (இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ்) தொடங்கப்பட்டதிலிருந்து லேத்து என்றால் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்லும் டர்னர்கள் ஓசூரில் இன்றும் இருக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு ஹெச்.எம்.டி. லேத்தில் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பற்று ஏன் என்று புரியும். ஆனால் அவை என் பின்கட்டுக்கும் என் தேவைக்கும் பெரியவை. நான் தேடியது நாலரை அடி லேத்து. ஓசூரில் மூடப்படவிருந்த ஒரு சிறு பட்டறையில் அது கிடைத்தது. பெல்ட்டை மாற்றி மாற்றிப் போட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கோன் புல்லி வகை, 2 ஹெச்.பி. மோட்டார், ஏறக்குறைய 600 கிலோ எடை. விலை 78,000 ரூபாய் என்று முடிந்தது.

வாங்குவதற்கு முன் மூன்று மணி நேரம் சோதித்தேன். பழைய லேத்தை வாங்க நினைப்பவர்கள் பெயின்ட்டைப் பார்க்கவே கூடாது. விற்பதற்காகப் பச்சைப் பெயின்ட் அடித்துக் கொண்டுவருவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். பார்க்க வேண்டியது பெட்டில், இரும்பைப் பிடித்துச் சுழலும் சக்குக்குப் பக்கத்தில் உள்ள முதல் ஒன்றரை அடி. சின்னச் சின்ன வேலைகளெல்லாம் அங்கேதான் நடக்கும் என்பதால் தேய்மானமும் அங்கேதான் குவியும். உளியைத் தாங்கிப் பெட்டின் மேல் நகரும் சேடில் ஓடும் இடத்துக்கும் ஓடாத இடத்துக்கும் நடுவே விரல் நகத்தை வைத்து இழுத்தால், தேய்ந்த பெட்டில் ஒரு படி தட்டுப்படும். அடுத்து, சேடிலைச் சக்கின் பக்கத்தில் வைத்து, லாக் போல்ட்டைக் கை லேசாக உணரும் அளவுக்கு மட்டும் இறுக்கிக்கொண்டு, மறுமுனையில் உள்ள டெயில் ஸ்டாக் பக்கமாக மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். போகப் போக இறுகி நின்றுவிட்டால், சக்கின் பக்கம் பெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பி, மேலே வைத்த டயல் கேஜின் முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் பேரிங்கின் நிலை தெரிந்துவிடும். உளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியில் கால் சுற்றுக்கு மேல் வெற்றாட்டம் இருந்தால் ஸ்க்ரூவையும் நட்டையும் மாற்ற வேண்டி வரும். அது பெரிய செலவல்ல. பெட்டின் தேய்மானம் அப்படியல்ல. அதைச் சரிசெய்யும் கூலிக்கு இன்னொரு லேத்தே வாங்கிவிடலாம்.

கடைசியாக, கையோடு கொண்டுபோன ஓர் இரும்பு உருளையைச் சக்கில் பிடித்து, டெயில் ஸ்டாக்கின் துணையில்லாமல் 150 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கடைந்து, இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்தேன். வித்தியாசம் 0.03 மில்லிமீட்டர். அத்தனை வயதான ஒரு மெஷினுக்கு அது நல்ல கணக்கு. மனம் நிறைந்து முன்பணம் கொடுத்தேன். மோட்டாரின் மேல் இருந்த தகட்டை நான் படிக்கவே இல்லை. பதினெட்டு ஆண்டுகள் அளவெடுத்துப் பழகியவனுக்கு அளவு சரியாக இருந்தால் எல்லாம் சரி என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. தொழிற்சாலையில் மின்சாரம் என்பது சுவரிலிருந்து வருவது. அது எப்படி வருகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கே ஹைட்ரா கிரேன் வைத்து டாடா ஏஸில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் சந்துக்குள் கிரேன் நுழையாது. கிரானைட் குவாரியில் வேலை பார்த்த நான்கு பேர் கடப்பாரையும் இரும்புக் குழாய்களும் கொண்டுவந்து, இரண்டு மணி நேரத்தில் ஒரு கீறல் விழாமல் பின்கட்டில் நிறுத்தினார்கள். லேத்துக்கு எடை முழுவதும் சக்கு இருக்கும் ஹெட் ஸ்டாக் பக்கம், சாய்ந்தால் பிடிக்க முடியாது என்று நான் சொல்வதற்கு முன்பே, அவர்களில் மூத்தவர் அதை ஒருமுறை சுற்றிவந்து, எந்தப் பக்கம் கனம் என்று கையால் தட்டிக் காட்டினார். கல்லோடு வாழ்ந்தவர்களுக்கு எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது கண்ணிலேயே தெரிகிறது.

இரண்டு கம்பிகள் மட்டும் உள்ள தெரு

அன்று மாலை தகட்டைப் படித்தேன். 415 வோல்ட், மூன்று பேஸ் (மும்முனை), 3.5 ஆம்பியர். எங்கள் வீட்டுக்கு வருவது ஒருமுனை மின்சாரம். தெருவிளக்கு வெளிச்சத்தில் கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன். எங்கள் சந்துக்குள் வரும் கம்பிகள் இரண்டுதான்: ஒரு பேஸ், ஒரு நியூட்ரல். மும்முனை இணைப்பு வேண்டுமென்றால் பிரதான தெருவிலிருந்து இன்னும் இரண்டு கம்பிகளைக் கம்பம் கம்பமாக இழுத்து வர வேண்டும். அந்தச் செலவு நான் லேத்துக்குக் கொடுத்த விலையோடு போட்டி போடும்.

பெரியப்பாவின் கிணற்றடியில் மும்முனை மின்சாரம் இருக்கிறது. விவசாய இணைப்பு என்பதால் அதற்குக் கட்டணமும் இல்லை. ஊரில் பலரும் அதிலிருந்து கம்பி இழுத்து வெல்டிங் வைக்கிறார்கள், மாவு மெஷின் ஓட்டுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எந்தத் தேவைக்காக இணைப்பு கொடுக்கப்பட்டதோ அதை விட்டு வேறு தேவைக்கு எடுத்தால் அது மின்திருட்டின் கணக்கில் சேரும். மாட்டிக்கொண்டால் பெரியப்பாவின் கிணறுதான் இருளில் மூழ்கும். ஆனால் நான் தயங்கியதற்குப் பயம் மட்டும் காரணமல்ல. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுபதுகளில் நடந்த உழவர் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு உழவர்கள் பலியானார்கள். அந்த வழியாக நடந்து வந்த இலவச மின்சாரம் அது. மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய்ச் சாலைகளை மறித்த தலைமுறையைச் சேர்ந்தவர்தான் என் பெரியப்பாவும். உழவனுக்கு ஏன் இலவசம் என்று நகரத்தில் யாராவது கேட்கும்போதெல்லாம் நான் உரக்க வாதாடியிருக்கிறேன். அதே கம்பியில் என் லேத்தை மாட்டிவிட்டு அந்த வாதத்தை நான் எந்த வாயால் சொல்வது? இதை அவரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்குன்னு அது துருப்பிடிச்சிக் கெடக்கணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியும் நியாயமானதுதான்.

இரண்டாவது யோசனை கன்டென்சர் எனும் மின்தேக்கி. மும்முனை மின்சாரம் நின்று இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கன்டென்சர் பெட்டி வைத்துக் கிணற்று மோட்டாரை ஓட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லா உழவருக்கும் தெரிந்த வித்தை. அதையே வீட்டில் செய்தால் என்ன என்று பலர் கேட்டார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இதை நானும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். கிணற்றடியில் இரண்டு பேஸ்களுக்கு நடுவே கிடைப்பது 415 வோல்ட். மோட்டாருக்குத் தேவையான அழுத்தம் அங்கே முழுதாக இருக்கிறது. விடுபட்ட மூன்றாவது பேஸின் இடத்தைத்தான் கன்டென்சர் ஒப்பேற்றுகிறது. வீட்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கிடைப்பது 240 வோல்ட் மட்டும். அதனால் கிணற்றடியில் ஓடும் அதே பெட்டி வீட்டில் மோட்டாரை உறுமவைத்துச் சூடாக்குமே தவிர, வேலை வாங்காது.

ஒருமுனை மோட்டாரையே மாற்றிவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. அதில் தவறில்லை, பலர் அப்படி ஓட்டுகிறார்கள். ஆனால் ஒருமுனை மோட்டாரின் முறுக்கு, அதாவது சுழற்றும் விசை, சீராக வராமல் நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். மெல்லிய கடைசல் வேலையில் அந்த அதிர்வு பளபளப்பில் வரிவரியாகத் தெரிந்துவிடும். மும்முனை மோட்டாரின் இழுப்பு அப்படி விட்டு விட்டு வருவதில்லை. நல்ல பெட் வேண்டுமென்று மூன்று மணி நேரம் குனிந்து பார்த்தவன், அந்தப் பெட்டின் மேன்மையைக் கெடுக்கும் மோட்டாரை ஏன் மாட்ட வேண்டும்?

எனவே டிரைவ் ஒன்று வாங்கினேன். வி.எஃப்.டி. என்று சொல்வார்கள். ஒருமுனை மின்சாரத்தை உள்ளே வாங்கி, நேர்மின்சாரமாக மாற்றி, அதை நறுக்கி மூன்று பேஸ்களாக வெளியே தரும் பெட்டி அது. கம்பிகளை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் சக்கு அழகாகச் சுற்றியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு ஓர் இரும்பைப் பிடித்து ஒரு மில்லிமீட்டர் ஆழம் கொடுத்தேன். சக்கு முனகி நின்றுவிட்டது. அரை மில்லிமீட்டர் கொடுத்தேன், அதிலும் நின்றது. பெட்டி பழுது என்று முடிவுகட்டி, கடைக்காரரிடம் சண்டை போட்டு, மாற்றி வாங்கி வந்தேன். புதிய பெட்டியிலும் அதேதான் நடந்தது. அதன் பிறகுதான் லேத்து தார்ப்பாய்க்குள் போனது.

வைண்டிங் கடையில் ஒரு பிற்பகல்

மோட்டாரையே குறை சொல்லும் எண்ணத்தோடுதான் அதைக் கழற்றிக் காவேரிப்பட்டணத்தில், மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றித் தரும் ஒரு வைண்டிங் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கடை முழுவதும் சுற்றுப்புற ஊர்களின் சப்மெர்சிபிள் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. மாங்காய்ப் பருவம் நெருங்கியிருந்ததால் கூழ்த் தொழிற்சாலைகளின் மோட்டார்களும் வந்து குவிந்திருந்தன. என் கதையை முழுவதும் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, "அந்தப் பெட்டியிலிருந்து எத்தன வோல்ட் வருதுங்க சார்?" என்பதுதான். நான் அதை அளந்ததே இல்லை. உள்ளே 240 போனால் வெளியே மூன்று பேஸிலும் அதிகபட்சம் 240தான் வரும், மூன்று கம்பி வருகிறது என்பதால் அது 415 ஆகிவிடாது என்று அவர் சொன்னார். நான் அதுவரை மூன்று பேஸ் என்றாலே 415 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழுத்தம் 415லிருந்து 240க்குக் குறைந்தால் மோட்டாரின் முறுக்கு அந்த விகிதத்தின் வர்க்கத்தில் குறையும்; அதாவது மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெறும் சக்கைச் சுற்ற அது போதும், இரும்பைச் சீவப் போதாது. பெட்டியிலும் குறையில்லை, மோட்டாரிலும் குறையில்லை. குறையே இல்லாத ஒரு பொருளுக்காக ஒரு கடைக்காரரோடு நான் சண்டை போட்டிருந்தேன். பின்னர் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு அவர் மோட்டாரின் டெர்மினல் மூடியைக் கழற்றினார். உள்ளே மூன்று கம்பிகள் இருந்தன. "ஸ்டார்ல கட்டுன மோட்டாருங்க. மூணு காயில் இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனை, ஆக ஆறு. மூணுதான் வெளிய வந்திருக்குது. மத்த மூணும் எங்க இருக்குது?" என்று ஆசிரியர் மாணவனைக் கேட்பதுபோலக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் பின் மூடியைக் கழற்றி, வார்னிஷில் இறுகிப்போயிருந்த வைண்டிங்கின் நூல்கட்டை மெல்ல அறுத்து, ஸ்லீவுக்குள் ஒளிந்திருந்த ஒரு முடிச்சைக் காட்டினார். மூன்று காயில்களின் வால்களும் அங்கே ஒன்றாக முறுக்கிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. அதுதான் ஸ்டார் பாயிண்ட். ஸ்டாரில் 415 வோல்ட் கொடுத்தாலும் ஒவ்வொரு காயிலுக்கும் விழுவது அதை 1.732ஆல் வகுத்தால் வரும் 240 வோல்ட்தான். அந்தக் காயில்கள் பிறந்ததிலிருந்தே 240 வோல்ட்டில் வாழ்ந்தவை. முடிச்சை அவிழ்த்து ஆறு முனைகளையும் வெளியே கொண்டுவந்து, ஒரு காயிலின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு சேர்த்து முக்கோணம்போல டெல்டாவாகக் கட்டினால், வீட்டு மின்சாரத்தில் ஓடும் டிரைவ் தருகிற 240 வோல்ட்டே அவற்றுக்கு முழு உணவு.

அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏழு மாதமாக மின்கம்பத்தைப் பார்த்தேன், கிணற்றைப் பார்த்தேன், விலைப்பட்டியல்களைப் பார்த்தேன். எனக்கு வேண்டிய மின்சாரம் எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதை வாங்கிக்கொள்ளும் வழி மோட்டாரின் வயிற்றுக்குள் கட்டிவைக்கப்பட்டிருந்தது. அவர் முடிச்சை வெட்டி, மூன்று புதுக் கம்பிகளைப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, நூலால் மறுபடி கட்டி, வார்னிஷ் ஊற்றி, இரவு முழுவதும் பல்பின் சூட்டில் காயவைத்தார். மறுநாள் மெக்கர் வைத்து இன்சுலேஷனைச் சோதித்துக் காட்டிய பிறகே கையில் கொடுத்தார். கூலி 900 ரூபாய்.

மாட்டும்போது கற்றவை

மோட்டார் சரியானதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. டெல்டாவில் கட்டியதும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் 3.5இலிருந்து ஏறக்குறைய 6 ஆம்பியராகக் கூடும்; டிரைவின் அமைப்பில் அந்த எண்ணை மாற்றாவிட்டால் பாதுகாப்பு அமைப்பு தவறான கணக்கில் வேலை செய்யும். டிரைவ் வீட்டு இணைப்பிலிருந்து முழுப் பளுவில் 14 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த முறைப்படி விண்ணப்பித்து, மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து, தனி எர்த் போட்டேன். நேரடியாக மின்சாரம் கொடுத்துத் தொடங்கும் மோட்டார் முதல் நொடியில் ஆறேழு மடங்கு இழுத்து வீட்டு விளக்குகளை மங்கவைக்கும். டிரைவ் மெல்ல மெல்ல வேகம் கூட்டுவதால் அந்தத் தொல்லை இல்லை.

லேத்தின் பழைய ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்சை மோட்டாருக்குப் போகும் கம்பியில் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. ஓடும்போது டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இணைப்பைத் துண்டித்தால் டிரைவ் சேதமாகக்கூடும். அந்தச் சுவிட்சின் கம்பிகளைப் பிரித்து, டிரைவின் கட்டளை முனைகளுக்குக் கொண்டுபோனேன். கைக்குப் பழைய சுவிட்ச்தான், ஆனால் அதில் ஓடுவது இப்போது ஒரு சிறு கட்டளை மட்டும். மின்வெட்டுக்குப் பிறகு மின்சாரம் திரும்பும்போது சக்கு தானாகச் சுழலாதபடி அமைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் மின்சாரம் போய்ப் போய் வருவது வாடிக்கை. போன மின்சாரம் திரும்பும் நேரத்தில் யாருடைய கை சக்கில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன்.

டிரைவில் மோட்டாரைப் பட்டென்று நிறுத்தவும் முடியும், உடனே எதிர்த்திசையில் திருப்பவும் முடியும். என் லேத்தில் சக்கு மரையால் ஸ்பிண்டிலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. திடீரென நிறுத்தினால் கனமான சக்கு தன் வேகத்திலேயே மரை கழன்று வெளியே வரப் பார்க்கும். அதனால் நிற்பதற்கு நான்கு நொடி கொடுத்திருக்கிறேன். வேகத்தைக் குறைக்க டிரைவை மட்டும் நம்பாமல் பெல்ட்டையும் மாற்றுகிறேன்; மோட்டாரை மிக மெதுவாக ஓடவிட்டால் அதன் பின்னால் உள்ள விசிறியும் மெதுவாகி, குளிர்ச்சி போதாமல் சூடேறும்.

எல்லாம் மாட்டி, ஸ்பிரிட் லெவல் வைத்துப் பெட்டை மட்டம் பார்த்து இறுக்கிய பிறகு, ஓசூரில் கடைந்த அதே உருளையைப் பிடித்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம் கொடுத்தேன். சீவல் நீலமாகச் சுருண்டு விழுந்தது. சத்தம் மாறவே இல்லை. அளந்தேன்: 150 மில்லிமீட்டருக்கு 0.02. ஓசூரில் இருந்ததைவிடச் சற்று நல்ல கணக்கு. மட்டம் பார்த்து இறுக்கியதன் பலன் அது.

முதல் உண்மையான வேலை பெரியப்பாவின் கிணற்றுப் பம்புக்கான ஷாஃப்ட் ஸ்லீவ். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கடைந்து முடியும்வரை பார்த்தார். கம்பி எங்கிருந்து வருகிறது என்று மெயின் போர்டு வரை கண்ணாலேயே தொடர்ந்தார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது வைஸுக்கு அடியில் இருநூறு ரூபாயை மடித்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்தேன். கூலி வாங்கத் தொடங்கினால் இது வீட்டு இணைப்பாக இருக்க முடியாது. கட்டண வகையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதைச் சொன்னதும், "அப்ப மாத்திக்கடா, ஊருக்கு ஒரு பட்டறை வேணும்" என்றார். குறுந்தொழில் இணைப்புக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.